புயலுக்குப் பின் பிறந்த கல்லூரி

1989ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலக் கரையை நோக்கி ‘ஹியூகோ’ என்ற சூறாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. நள்ளிரவு கடந்ததும் அது சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர். விடிந்து பார்த்தபோது கூரைகள் பறந்திருந்தன. சுவர்ப் பூச்சுகள் நனைந்து உதிர்ந்து கிடந்தன. இரும்புக் கதவுகள் வளைந்து நின்றன.

சார்ல்ஸ்டன் 1670ஆம் ஆண்டில் உருவான நகரம். பழைய கட்டடங்களை விருப்பம்போல் மாற்றக் கூடாது என்று ஒரு வட்டாரத்தையே சட்டத்தால் காத்த முதல் அமெரிக்க நகரமும் அதுதான். அந்தச் சட்டம் 1931இல் வந்தது. ஆகவே, உடைந்த வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழுதுபார்த்தே ஆக வேண்டும்.

மாணவர்களே, இங்கேதான் சிக்கல் எழுந்தது. மரம் வாங்கலாம், செங்கல் வாங்கலாம், பணத்தையும் எப்படியாவது திரட்டிவிடலாம். ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன் செய்த கூரைச் சட்டத்தை அதே முறையில் திரும்பச் செய்யத் தெரிந்த தச்சர் எங்கே? சுண்ணாம்புப் பூச்சில் பூவேலை செய்யத் தெரிந்த கைகள் எங்கே? தேடியபோது மிகச் சிலரே இருந்தனர். அவர்களிலும் பலருக்கு வயதாகிவிட்டது. வெளியூர்களிலிருந்து ஆட்களை அழைத்துவர வேண்டியதாயிற்று. வேலைகள் இழுத்துக்கொண்டே போயின.

சூறாவளி கூரைகளை மட்டும் திறந்து காட்டவில்லை. ஒரு தலைமுறைக்குள் ஒரு நகரம் எதை மறந்துவிட்டது என்பதையும் திறந்து காட்டியது.

பழைய சிறையில் ஒரு வகுப்பறை

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் ‘அமெரிக்கக் கட்டுமானக் கலைகள் கல்லூரி’. 1990களின் இறுதியில் சிறிய பயிற்சிப் பள்ளியாக இது தொடங்கியது. 2004இல் பட்டப்படிப்பு நடத்த மாநிலத்தின் உரிமம் கிடைத்தது. 2009இல் முதல் மாணவர் குழு பட்டம் பெற்று வெளியேறியது. பல ஆண்டுகள் இக்கல்லூரி நடந்த இடம் எது தெரியுமா? 1802இல் கட்டப்பட்ட ஒரு பழைய சிறைச்சாலை! சிதைந்துகொண்டிருந்த அந்தக் கட்டடமே மாணவர்களுக்கு ஒரு பாடநூலாகவும் இருந்தது. இப்போது கல்லூரி, 1897இல் டிராம் வண்டிகளை நிறுத்துவதற்காகக் கட்டிய ஒரு கொட்டகையைச் செப்பனிட்டு அங்கே இயங்கி வருகிறது.

இங்கே மரச்சட்டக வேலை, கட்டடத் தச்சு, கல் செதுக்குதல், சுண்ணாம்புப் பூச்சு, கொல்லுப்பட்டறை வேலை போன்றவற்றில் ஒன்றை மாணவர் தம் துறையாகத் தேர்ந்தெடுக்கிறார். நான்கு ஆண்டுகள் படித்தால் இளங்கலைப் பட்டம்.

‘கைத்தொழில் கற்க நான்கு ஆண்டுகளா? அதற்கு ஒரு பட்டமா?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கு உளி பிடிக்க மட்டும் கற்றுத் தருவதில்லை. கையால் வரைபடம் வரையக் கற்றுத் தருகிறார்கள். கணிதம், வரலாறு, மொழி, தொழில் நடத்தும் முறை ஆகியவையும் பாடத்திட்டத்தில் உண்டு. கோடை விடுமுறைகளில் மாணவர்கள் உண்மையான கட்டுமான இடங்களுக்குச் சென்று, அனுபவமிக்க கைவினைஞர்களின் கீழ் வேலை செய்கிறார்கள்.

ஏன் இவ்வளவு? ஒரு மரக்கட்டை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாதவர் அதை வெட்டினால், இன்று அழகாகப் பொருந்தும் மூட்டு இரண்டு ஆண்டுகளில் வாய்பிளந்து நிற்கும். தச்சுவேலைக்குள் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்.

நாக்கும் துளையும்

இன்று நாம் காணும் பல மரக்கூரைகள் மெல்லிய சட்டங்களால் ஆனவை. அவற்றை ஆணியும் உலோகத் தகடும் சேர்த்துப் பிடிக்கின்றன. மரச்சட்டக முறை வேறு. அதில் தடித்த தூண்களும் உத்தரங்களும் கைமரங்களும் சேர்ந்து ஓர் எலும்புக்கூடுபோல் நிற்கும். கட்டடத்தின் எடை முழுவதையும் அந்த எலும்புக்கூடுதான் தாங்கும். இடையில் உள்ள சுவர் வெறும் தடுப்பு.

இந்தக் கட்டைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது எப்படி? ஒரு கட்டையின் முனையை நாக்குப்போல் செதுக்குவார்கள். மற்றொரு கட்டையில் அந்த நாக்கு சரியாக நுழையும்படி ஒரு துளையை உளியால் குடைவார்கள். நாக்கைத் துளைக்குள் செருகியபின், இரண்டையும் ஊடுருவும்படி குறுக்கே ஒரு மர ஆணியை அடிப்பார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குறுக்கு ஓட்டையைத் துளையுள்ள கட்டையிலும் நாக்கிலும் ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. நாக்கில் போடும் ஓட்டையைச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். மர ஆணி உள்ளே இறங்கும்போது, விலகியிருக்கும் அந்த ஓட்டையை நேராக்க முயலும். அப்போது நாக்கு இன்னும் ஆழமாக இழுக்கப்பட்டு மூட்டு இறுகிவிடும். கொட்டாப்புளியால் நான்கு அடி; பசையும் வேண்டாம், இரும்பும் வேண்டாம்.

அந்த மர ஆணியை ரம்பத்தால் அறுத்துச் செய்ய மாட்டார்கள். கட்டையை அதன் நார்ப்போக்கிலேயே பிளந்துதான் செய்வார்கள். ரம்பம் நார்களைக் குறுக்கே வெட்டிவிடக்கூடும். பிளந்து எடுத்த ஆணியிலோ நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடும். அதனால் அது வளையும், எளிதில் முறியாது.

மரம் ஒரு குழாய்க் கட்டு

நார்ப்போக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? உயிரியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். மரத்தின் தண்டு, வேர் உறிஞ்சிய நீரை மேலே கொண்டுசெல்லும் நுண்குழாய்களின் கூட்டம். கை நிறைய உறிஞ்சுகுழல்களைச் சேர்த்துக் கட்டியதுபோல அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்தக் குழாய்ச் சுவர்களில் செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகள் இழைகளாக ஓடுகின்றன. லிக்னின் என்ற பொருள் அவற்றைப் பிணைத்து விறைப்பாக வைக்கிறது. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருப்பதுபோல, லிக்னினுக்குள் செல்லுலோஸ் இழை இருக்கிறது.

உறிஞ்சுகுழல் கட்டை நீளவாட்டில் இழுத்தால் அறுப்பது கடினம். பக்கவாட்டில் பிரித்தால் எளிதில் பிரிந்துவிடும். மரமும் அப்படித்தான். நீளவாட்டில் அதன் இழுவலிமை, குறுக்குவாட்டில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். இரும்புக்கு எந்தத் திசையும் ஏறக்குறைய ஒன்றுதான். மரத்துக்குத் திசை உண்டு. அந்தத் திசையை அறிந்து வெட்டுபவர்தான் தச்சர்.

அடுத்தது ஈரம். புதிதாக வெட்டிய மரத்தில் நீர் மிகுதியாக இருக்கும். முதலில் குழாய்களுக்குள் உள்ள நீர் வெளியேறும். அதுவரை மரத்தின் அளவு மாறாது. ஈரப்பதம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது, குழாய்ச் சுவர்களுக்குள் இருக்கும் நீரும் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கும்.

அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. வெள்ளை ஓக் மரம் முற்றிலும் காயும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 10 விழுக்காடு சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்தின் திசையில் 5 முதல் 6 விழுக்காடுதான். நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு. ஒரு விழுக்காட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். ஒரு வட்டத்தின் சுற்றளவு 10 விழுக்காடு குறைய விரும்புகிறது. ஆரமோ 5 விழுக்காடுதான் குறைகிறது. சுற்றளவுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் மாற முடியுமா? முடியாது. ஆகவே வட்டம் எங்காவது பிளந்தாக வேண்டும். பழைய மரத் தூண்களில் வெளிப்புறத்திலிருந்து மையத்தை நோக்கி ஓடும் நீண்ட வெடிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது தூணின் பலவீனம் என்று பலர் அஞ்சுவார்கள். பெரும்பாலும் அது மரம் காய்ந்ததன் அடையாளம் மட்டுமே. வெடிப்பு நார்ப்போக்கிலேயே ஓடுவதால் தூண் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்கும்.

தச்சர்கள் இந்தச் சுருக்கத்தைத் தமக்குச் சாதகமாகவும் பயன்படுத்துகிறார்கள். உத்தரத்தைப் பச்சை மரத்தில் செய்வார்கள். பச்சை மரத்தைச் செதுக்குவது எளிது. மர ஆணியை மட்டும் நன்கு காய்ந்த கட்டையில் செய்வார்கள். உத்தரம் காயக் காயச் சுருங்கி ஆணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் மூட்டு வலுத்துக்கொண்டே போகும்!

பித்தாகரஸ் ஏறி நிற்கும் கூரை

நான்கு கட்டைகளைச் சேர்த்து ஒரு சதுரம் செய்யுங்கள். மூலையைத் தள்ளினால் அது சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று கட்டைகளால் ஒரு முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும் வடிவம் மாறாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் கோணங்களும் மாற முடியாது என்பதே காரணம்.

அதனால்தான் தூணும் உத்தரமும் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் தச்சர்கள் ஒரு சாய்வுக் கட்டையைப் பொருத்துகிறார்கள். காற்று பக்கவாட்டில் மோதும்போது கட்டடம் சாய்ந்துவிடாமல் காப்பது அந்தச் சிறு கட்டைதான்.

அதன் நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மூலையிலிருந்து தூணில் 900 மில்லிமீட்டர், உத்தரத்தில் 900 மில்லிமீட்டர் தள்ளி அது பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 900இன் வர்க்கத்தையும் 900இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 1,273 மில்லிமீட்டர். முதலாம் படிவத்தில் நீங்கள் போட்ட அதே கணக்கு! தேர்வில் 1,270 என்று எழுதினால் அரை மதிப்பெண்ணாவது கிடைக்கலாம். கட்டுமான இடத்திலோ அந்த 3 மில்லிமீட்டர் இடைவெளியாக நின்று எல்லார் கண்ணிலும் படும்.

சரியான செங்கோணம் வேண்டுமா? கயிற்றில் 3, 4, 5 என்ற அளவுகளில் முக்கோணம் போட்டால் போதும். உயரத்தை நேராக்கத் தூக்குக்குண்டு. கூரையின் சாய்வுக்கு முக்கோணவியல். மின்கருவிகள் இல்லாத காலத்திலும் துல்லியம் இருந்தது. அது கருவியில் அல்ல, கணக்கில் இருந்தது.

கல்லாகித் திரும்பும் சுண்ணாம்பு

சட்டகம் நின்றபின் சுவருக்குப் பூச்சு வேண்டும். இங்கே வேதியியல் நுழைகிறது.

சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சுமார் 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எனப்படும் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அதில் நீரை ஊற்றினால் கொதித்துச் சூடு கிளம்பும்; நீற்றிய சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். அதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறும். கல் தூளாகி, குழம்பாகி, சுவரில் மறுபடியும் கல்லாகிறது!

சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும். சிமெண்டு விரைவில் இறுகும். அப்படியென்றால் பழைய சுவரைச் சிமெண்டால் பழுதுபார்த்தால் என்ன? இதற்குத்தான் பொருளைப் பற்றிய அறிவு தேவை. பழைய செங்கற்கள் மென்மையானவை. ஈரத்தை உறிஞ்சி வெளியிடுபவை. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். கடினமான சிமெண்டுப் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரமும் அதில் கரைந்த உப்பும் செங்கல்லைத்தான் அரிக்கும். சில ஆண்டுகளில் பூச்சு உறுதியாக நிற்கும். அதன் பின்னால் செங்கல் பொடியாகியிருக்கும்.

நல்லெண்ணத்தோடு செய்த தவறான பழுதுபார்ப்பு, புயலைவிடக் கூடுதலாகக் கட்டடத்தைக் கெடுத்துவிடும். சார்ல்ஸ்டன் மக்கள் வெறும் கட்டட ஆட்களைத் தேடாமல், விவரம் தெரிந்த கைவினைஞர்களைத் தேடியது இதனால்தான்.

யாருடைய கைகள்?

சார்ல்ஸ்டனின் அழகான வீடுகளைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் பலவற்றைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் வழிவந்தவர்களும். தச்சர், கொத்தனார், கொல்லர், பூச்சு வேலைக்காரர் என்று அவர்களிடையே தேர்ந்த கைவினைஞர்கள் இருந்தனர். வீட்டு உரிமையாளர்களின் பெயர்கள் பலகைகளில் இருக்கின்றன. கட்டியவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

அந்தக் கைகளின் தொடர்ச்சியாக ஒரு பெயர் நமக்குத் தெரியும்: ஃபிலிப் சிம்மன்ஸ். 1912இல் பிறந்த இவர், சிறுவனாக இருந்தபோதே பீட்டர் சிம்மன்ஸ் என்ற கொல்லரின் பட்டறையில் சேர்ந்தார். இருவர் பெயரும் ஒத்திருந்தாலும் உறவினர்கள் அல்லர். பீட்டர் அடிமையாகப் பிறந்தவர். அவரிடம் கற்ற தொழிலை ஃபிலிப் தம் வாழ்நாள் முழுதும் செய்தார். சார்ல்ஸ்டன் தெருக்களில் இன்றும் அவர் செய்த இரும்புக் கதவுகளும் சன்னல் கம்பிகளும் நிற்கின்றன. 1982இல் அமெரிக்கா தம் மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் தேசிய மரபுடைமை விருது அவருக்குக் கிடைத்தது. 2009இல் அவர் மறைந்தார். கல்லூரியின் முதல் மாணவர்கள் பட்டம் பெற்ற அதே ஆண்டு.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு என்று வந்த அறிவு அது. இடையில் ஒரே ஒரு தலைமுறை ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் கற்க முடியாதா? ஓரளவு முடியும். ஆனால் உளி இறங்கும்போது வரும் ஒலியின் வேறுபாட்டையும், குழைத்த சுண்ணாம்பு பதமாகிவிட்டதை உணரும் விரல்நுனியையும் எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

பாரிசில் எரிந்த ‘காடு’

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி, பாரிசின் நோட்ரடாம் பேராலயம் தீப்பற்றி எரிந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். எரிந்தது பெரும்பாலும் அதன் மரக்கூரை. 800 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஓக் சட்டகம். அவ்வளவு மரங்கள் அடர்ந்திருந்ததால் அதற்குக் ‘காடு’ என்றே பெயர்.

பழையபடி கட்டமுடியாது, இரும்பிலோ கான்கிரீட்டிலோ கட்டலாம் என்று சிலர் வாதிட்டனர். ஆனால் பிரான்சில் ஒரு வாய்ப்பு இருந்தது. மரச்சட்டகம் வரையும் மரபுக் கலை அங்கே அறுபடாமல் இருந்தது. 2009இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. பர்கண்டிப் பகுதியிலுள்ள கெடலோன் என்ற இடத்தில் 1997இலிருந்து, 13ஆம் நூற்றாண்டு முறையில் ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டே வருகிறார்கள். அங்குக் கோடரி பிடித்துப் பழகிய தச்சர்கள் பேராலயப் பணிக்கும் வந்தனர். சுமார் 2,000 ஓக் மரங்கள் பயன்பட்டன. பேராலயத்தின் நடுக்கூடக் கூரைக்கான கட்டைகளைக் கோடரியால் கையாலேயே செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

2021இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலும் தச்சர்களும் மாணவர்களும் கூடி, எரிந்துபோன கூரையின் ஒரு முக்கோணச் சட்டத்தை முழு அளவில், பழைய முறையிலேயே செய்து நிமிர்த்தினார்கள். இப்படிச் செய்யமுடியும் என்று கையால் நிரூபித்தார்கள்.

ஜப்பானியர் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். இசே ஆலயத்தை அவர்கள் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். இருபது வயதில் உதவியாளாக வந்தவர் நாற்பதில் தேர்ந்த தச்சராவார். அறுபதில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். ஆலயமே ஒரு பள்ளிக்கூடமாகிவிடுகிறது.

நம் நாட்டுக் கூரைகள்

இதெல்லாம் தூரத்து நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். நெகிரி செம்பிலானில் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைப் பார்த்திருக்கிறீர்களா? 1902இல் தொடங்கி 1908இல் கட்டி முடித்தார்கள். 99 தூண்கள் கொண்ட அந்த மர மாளிகை இரும்பு ஆணியே இல்லாமல் நிற்கிறது. கட்டியவர்கள் மலாய்த் தச்சர்கள். நாக்கும் துளையும் சேரும் பொருத்தை மலாய் மொழியில் ஏறக்குறைய நம் ‘தங்கம்’போல ஒலிக்கும் சொல்லால் அழைப்பார்கள், மர ஆணிக்கு ‘பாசாக்’ என்று பெயர். சார்ல்ஸ்டன் மாணவர் நான்கு ஆண்டுகள் கற்பதை நம் கம்பத்துத் தச்சர்கள் தந்தையிடமும் மாமனிடமும் கற்றார்கள்.

பொருத்தும் பாசாக்கும் கொண்ட வீட்டைக் கழற்றி வேறிடத்தில் மறுபடியும் பூட்ட முடியும். ஒரு தூண் செல்லரித்துப்போனால் அதை மட்டும் மாற்றவும் முடியும். வெப்பமும் வெள்ளமும் உள்ள நாட்டில் தரையிலிருந்து உயர்ந்து, காற்றோட்டத்தோடு நிற்பது எவ்வளவு பொருத்தமான வடிவமைப்பு!

பினாங்கு ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்குள்ள பழைய கடைவீடுகளின் சுவர்களும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். சிமெண்டுப் பூச்சால் ஈரம் அடைபடும் தொல்லை அவற்றுக்கும் உண்டு. அவற்றைக் காக்க விரும்பினால் பொருளறிவும் கைத்திறனும் சேர்ந்த ஆட்கள் நமக்கும் வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது காற்றிலிருந்து மரம் எடுத்த கரியமில வாயுவின் கார்பன். ஒரு டன் காய்ந்த மரத்தில் சுமார் 1.8 டன் கரியமில வாயுவிலிருந்து வந்த கார்பன் பூட்டிக் கிடக்கிறது. அந்த மரம் எரியாமலும் மட்காமலும் கூரையாக நிற்கும்வரை அந்தப் பூட்டு திறக்காது. ஆகவே 200 ஆண்டு நிற்கும் கூரையைச் செய்பவரும், அதைப் பழுதுபார்த்து இன்னும் 100 ஆண்டு நிற்க வைப்பவரும் சுற்றுச்சூழலுக்கும் பணி செய்கிறார்கள். மரத்தைப் பொறுப்போடு வளர்த்து வெட்டினால்தான் இந்தக் கணக்கு சரிவரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

படிப்பு வராதவர் போகும் வழியா?

‘படிப்பு சரியாக வரவில்லையா? கைத்தொழிலுக்குப் போ’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதுவரை படித்ததை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நார்ப்போக்கும் ஈரச் சுருக்கமும் உயிரியல். சாய்வுக் கட்டை இயற்பியல். அதன் நீளம் கணிதம். சுண்ணாம்பு வேதியியல். இவற்றையெல்லாம் தாளில் எழுதி முடிப்பவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது. அதே அறிவைக் கொண்டு மழையைத் தடுத்து நிறுத்துபவர் எந்த விதத்தில் குறைந்தவர்?

சார்ல்ஸ்டன் நகரம் இதை ஒரே இரவில், பெரும் இழப்போடு கற்றுக்கொண்டது. உங்கள் தாத்தா வீட்டுக் கதவை யார் செய்தார், அதை இன்று திரும்பச் செய்ய யாருக்குத் தெரியும் என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஒருவர் இருந்தால், அவரிடம் சற்று நேரம் உட்காருங்கள்.

செய்து பாருங்கள்

1. கையிலுள்ள பழைய நாளிதழ்த் தாள் ஒன்றை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். பிறகு இன்னொரு தாளைப் பக்கவாட்டில் கிழியுங்கள். ஒரு திசையில் நேராகவும் மற்றொரு திசையில் கோணல்மாணலாகவும் கிழியும். தாள் மரக்கூழால் ஆனது. அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதே காரணம். தச்சர் சொல்லும் நார்ப்போக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது!

2. ஐந்து ஐஸ்கிரீம் குச்சிகளின் முனைகளில் ஓட்டையிடுங்கள். நான்கைக் கம்பியால் பூட்டிச் சதுரமாக்கித் தள்ளிப் பாருங்கள். பிறகு ஐந்தாவது குச்சியைச் சாய்வாக ஒரு மூலையில் இரு பக்கங்களையும் இணைத்துப் பூட்டுங்கள். மறுபடியும் தள்ளுங்கள். என்ன மாற்றம்? ஏன்? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் விளக்கிக் காட்டுங்கள்.